15 வருடம் கழித்து உங்கள் தெரு எப்படி இருக்க வேண்டும்? கேட்கிறது லண்டன்... பதில் சொல்வது யார்?

கிழக்கு லண்டனில் அப்டன் பார்க் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கிரீன் ஸ்ட்ரீட். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் குவீன்ஸ் மார்க்கெட். செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி என்று வாரத்தில் நான்கு நாள் சந்தை கூடும். எடை போடும் வேலை அதிகம் இல்லை. கிண்ணம் கிண்ணமாகக் காய்கறியை நிரப்பி வைத்து, ‘கிண்ணம் ஒரு பவுண்டு’ என்று கூவி விற்பதுதான் இங்கே பழகிப்போன வழக்கம். வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் ஒருபுறம். ஆப்பிரிக்கக் குடும்பங்கள் தேடி வரும் கிழங்கு வகைகள் மறுபுறம். வங்காளிகளுக்கு ஆற்று மீன், கரீபியன் தீவுக்காரர்களுக்கு வாழைக்காய், எல்லோருக்கும் பொதுவாக ஆட்டிறைச்சி, துணிமணி, பாத்திரம்.

நூறாண்டைக் கடந்த இந்தச் சந்தை இன்று இல்லாமலே போயிருக்கும். 2000-களின் நடுவில், இதை இடித்துவிட்டு ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டும், 31 மாடி அடுக்குமாடிக் கோபுரமும் கட்டுவதற்கு ஏற்பாடுகள் நடந்தன. சந்தைக்கு இடம் உண்டு என்றுதான் சொன்னார்கள். ஆனால், புதுக் கட்டடத்தின் வாடகையைக் கொடுத்துவிட்டு ஒரு கிண்ணத்தை ஒரு பவுண்டுக்கு விற்க முடியுமா என்பதுதான் வியாபாரிகளின் கேள்வி.

வியாபாரிகளும் வாடிக்கையாளர்களும் ஒன்றுசேர்ந்தார்கள். ‘குவீன்ஸ் மார்க்கெட் நண்பர்கள்’ என்ற பெயரில் கையெழுத்து வாங்கினார்கள், கூட்டங்களுக்குப் போனார்கள், மனு கொடுத்தார்கள். 2006-ல் ‘நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன்’ என்ற ஆய்வு அமைப்பு இந்தச் சந்தையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 1.3 கோடி பவுண்டுக்கு மேல் இந்தச் சந்தையால் கிடைக்கிறது. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டைவிட இங்கே சாமான்கள் சராசரியாக 53 சதவிகிதம் மலிவு என்றது அந்த அறிக்கை. அதே ஆண்டு சூப்பர் மார்க்கெட் நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. 2009-ல் அப்போதைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன், அந்தக் கட்டடத் திட்டத்தையே நிராகரிக்கும்படி உத்தரவிட்டார். சந்தை பிழைத்தது.

சந்தோஷமான முடிவுதான். ஆனால், பல ஆண்டுகள் கடையையும் பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்கும் ஓடிக்கொண்டு போராடினால்தான் இந்த முடிவு கிடைக்கும் என்றால், எத்தனை பேரால் முடியும்? அப்படிப்பட்ட திட்டம் வருவதற்கு முன்பே, ‘இங்கே இதுதான் வரலாம்’ என்று சொல்லிவைக்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் லோக்கல் பிளான்.

ஒரு புத்தகம், ஒரு வரைபடம்

லண்டன் மாநகரத்தில் 32 ‘பரோ’க்கள் உண்டு. பரோ என்பது தனக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் கொண்ட உள்ளாட்சிப் பிரிவு. நடுவில் இருக்கும் பழைய ‘சிட்டி ஆஃப் லண்டன்’ இவற்றில் சேராது, அது தனி. குவீன்ஸ் மார்க்கெட் இருக்கும் நியூஹாம் பரோ, ஈஸ்ட் ஹாம், வெஸ்ட் ஹாம் என்ற இரண்டு பழைய நகரங்களை இணைத்து 1965-ல் உருவானது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 3.5 லட்சம்.

ஒவ்வொரு பரோவும் தன் பகுதிக்கு நீண்டகால வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். நம்மூர் மாஸ்டர் பிளான் மாதிரி. ஆனால், பெருநகரம் முழுவதற்கும் ஒன்று என்றில்லாமல் பரோவுக்கு ஒன்று. குறைந்தது 15 ஆண்டுகளை முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்பது அரசின் கொள்கை. சில நூறு பக்கங்களில் விதிகள், கூடவே ஒரு வரைபடம். எந்த இடத்தில் வீடு, எங்கே தொழிற்கூடம், எந்தக் கடைத்தெருவைக் காப்பது, எங்கே எத்தனை மாடி, எந்தத் திறந்தவெளியைத் தொடக் கூடாது என எல்லாம் அதில் வந்துவிடும்.

இதை வெறும் அறிக்கை என்று நினைத்தால் தப்பு. 2004-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவர் கட்டட அனுமதி கேட்டு வந்தால், இந்தத் திட்டத்தில் இருக்கிறபடிதான் முடிவெடுக்க வேண்டும். மாற்றி முடிவெடுக்க வலுவான காரணம் வேண்டும். ஆக, தெருமுனையில் கிரேன் வந்து நிற்கும்போது ‘ஐயோ, இத்தனை உயரமா?’ என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: ‘அது சில வருடத்துக்கு முன்பே முடிவாகிவிட்டதே!’

பெட்டிங் கடை முதல் கோழி வறுவல் வரை

‘திட்டம்’ என்றதும் பெரிய பாலங்களும் கோபுரங்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால், குடும்பங்களின் அன்றாடப் பாடு இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஈஸ்ட் ஹாமின் கடைத்தெரு ஹை ஸ்ட்ரீட் நார்த். இட்லி மாவு, மல்லிகைச் சரம், தங்க நகை, பட்டுப்புடவை எல்லாம் கிடைக்கிற, தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த தெரு. ஒரு காலத்தில் இந்த ஒரே தெருவில் 18 பெட்டிங் கடைகள் இருந்தது பெரிய செய்தியானது. காரணம் என்ன? வங்கிக் கிளை ஒன்றை மூடிவிட்டு அதே இடத்தில் பந்தயக் கடை திறக்க, அப்போது தனியாகத் திட்ட அனுமதி தேவைப்படவில்லை. விதியின்படி இரண்டும் ஒரே வகைக் கடைகள். 2015 ஏப்ரலில்தான் இங்கிலாந்து முழுக்க இந்த விதி மாறியது. அதன் பிறகு புதுப் பெட்டிங் கடைக்கு அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்டு வருகிறபோது ‘இந்தத் தெருவில் ஏற்கெனவே போதும்’ என்று மறுப்பதற்குக் கவுன்சிலின் கையில் லோக்கல் பிளான் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் மொய்க்கும் கோழி வறுவல் கடைகள். 2021-ல் நடைமுறைக்கு வந்த ‘லண்டன் பிளான்’, பள்ளி வாசலிலிருந்து 400 மீட்டர் நடை தூரத்துக்குள் இப்படிப்பட்ட புதுக் கடைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்கிறது. இது மாநகரம் முழுவதற்குமான மேயரின் திட்டம். பரோக்களின் திட்டங்கள் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

வீட்டுக் கணக்கும் அங்கிருந்தே வருகிறது. லண்டனுக்கு ஆண்டுக்கு 52,287 புது வீடுகள் என்று அந்தத் திட்டம் இலக்கு வைத்தது. அதில் நியூஹாமின் பங்கு 10 ஆண்டுகளில் 32,800. இந்த எண்ணை உள்ளூர்க்காரர்கள் ‘வேண்டாம்’ என்று தள்ளிவிட முடியாது. ஆனால், அந்த வீடுகள் எங்கே வரும், தனி ஆளுக்கான ஒற்றை அறை வீடுகளா அல்லது பிள்ளைகளோடு வாழ 3 படுக்கையறை வீடுகளா, சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும் வீடு எத்தனை, அந்தக் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எங்கே? இவை எல்லாம் பேசித் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள்.

மூன்று முறை கதவு தட்டுவார்கள்

திட்டம் ஒரே நாளில் வருவதில்லை. நியூஹாம் 2018-ல் ஏற்றுக்கொண்ட திட்டத்துக்குப் பதிலாகப் புதியதைத் தயாரிக்கத் தொடங்கியபோது, 2021, 2023, 2024 என மூன்று சுற்று மக்களிடம் கருத்துக் கேட்டது.

முதல் சுற்றில் வெள்ளைத்தாள் மாதிரி. ‘உங்கள் பகுதியில் என்ன பிரச்னை, என்ன மாறணும்?’ என்று கேட்பார்கள். இரண்டாவது சுற்றில் வரைவுத் திட்டம் வந்துவிடும். இந்த இரண்டு சுற்றுகளிலும் மனதில் பட்டதைச் சாதாரண மொழியில் எழுதலாம். மூன்றாவது சுற்றுதான் முறுக்கானது. இதற்குக் குறைந்தது ஆறு வாரம் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. ஆனால், இங்கே ‘பிடிக்கிறது, பிடிக்கவில்லை’ என்ற பேச்சுக்கு மதிப்பு குறைவு. திட்டம் சட்டப்படி தயாரிக்கப்பட்டதா, தேவைகளைக் கணக்கில் எடுத்ததா, ஆதாரம் இருக்கிறதா, நடைமுறைக்கு ஒத்துவருமா, தேசியக் கொள்கைக்குப் பொருந்துகிறதா என்ற கோணங்களில்தான் ஆட்சேபணை இருக்க வேண்டும்.

பிறகு எல்லாக் கருத்துகளும் திட்டத்தோடு சேர்த்து அரசுக்குப் போகும். அரசு நியமிக்கும் ஆய்வாளர் ஒருவர் பொது விசாரணை நடத்துவார். மூன்றாவது சுற்றில் ‘இந்த வரியை மாற்றுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு, அவர் முன்னால் நேரில் பேசும் உரிமையைச் சட்டமே தருகிறது. பெரிய கட்டட நிறுவனத்தின் வக்கீல் உட்காரும் அதே மேஜையில், மீன் கடைக்காரரும் உட்காரலாம். அப்போது எழுதித் தராதவர் இந்த உரிமையைக் கோர முடியாது.

ஆய்வாளர் பெரிய திருத்தங்கள் சொன்னால், அந்தத் திருத்தங்கள் மீது மறுபடி கருத்துக் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் கவுன்சில் திட்டத்தை ஏற்றுக்கொள்ளும். ஏற்ற பின் எதிர்த்து வழக்குப் போட ஆறே வாரம்தான் அவகாசம்.

‘எல்லாம் ஏற்கெனவே முடிவு செஞ்சுட்டுதானே கேக்கறாங்க?’

கருத்துக் கேட்பு என்றாலே எந்த ஊரிலும் எழும் சந்தேகம் இது. லண்டனிலும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு நீதிமன்றம் வரை போய் விடை தேடியவர்களும் லண்டன்காரர்கள்தான்.

1985-ல் பிரென்ட் பரோவில் பள்ளிகளை மூடவும் இணைக்கவும் கவுன்சில் முயன்றபோது, ‘எங்களிடம் ஒழுங்காகக் கேட்கவில்லை’ என்று பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். ‘கன்னிங் வழக்கு’ என்று அது பெயர் பெற்றது. அதில் பிறந்த நான்கு நெறிகள்தான் இன்றும் அளவுகோல். முடிவு உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்வதற்குப் போதுமான காரணங்களைச் சொல்ல வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

2014-ல் இந்த நெறிகளை பிரிட்டன் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது. ஹாரிங்கே பரோ, ஏழைக் குடும்பங்களுக்கான வரிச் சலுகையைக் குறைப்பது பற்றிக் கருத்துக் கேட்டது. ஆனால், வேறு வழிகளும் இருக்கின்றன என்பதை மக்களுக்குச் சொல்லாமல் விட்டது. அது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். அதே சமயம், மறுபடி கருத்துக் கேட்கும்படி உத்தரவிடவில்லை. கௌரவமான வெற்றிதான் என்றாலும், காலம் கடந்து வந்த வெற்றி.

ஹாரிங்கேயின் இன்னொரு கதையும் பலருக்குத் தெம்பு தந்தது. செவன் சிஸ்டர்ஸ் ரயில் நிலையத்தின் மேலே ‘வார்ட்ஸ் கார்னர்’ என்ற பழைய கட்டடம். உள்ளே லத்தீன் அமெரிக்க வியாபாரிகள் நடத்திய சந்தை. அதை இடித்துக் கட்டக் கவுன்சில் தந்த அனுமதியை 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே பிழைக்கும் சிறுபான்மை இனத்தவருக்கு என்ன பாதிப்பு வரும் என்று சட்டப்படி யோசித்துப் பார்க்கவில்லை என்பது காரணம். அதற்குப் பிறகும் புதிய திட்டங்கள், புதிய அனுமதிகள் என்று இழுத்துக்கொண்டே போய், 2021-ல்தான் கட்டட நிறுவனம் விலகியது.

குவீன்ஸ் மார்க்கெட், வார்ட்ஸ் கார்னர் இரண்டிலும் மக்கள் ஜெயித்தார்கள். இரண்டுக்கும் கொடுத்த விலை, வாழ்க்கையில் பல வருடங்கள்.

ஒரு சின்ன வாசகம்... பெரிய ஓட்டை

திட்டத்தின் வார்த்தைகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, குவீன்ஸ் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்து அணியின் பழைய மைதானம் அது. 2016-ல் அணி அங்கிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டின் ஒலிம்பிக் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. காலியான இடத்தில் 800-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டத் திட்டம்.

அப்போதைய நியூஹாம் திட்டம், பெரிய கட்டுமானங்களில் 35 முதல் 50 சதவிகிதம் வரை கட்டுப்படியாகும் விலை வீடுகள் வேண்டும் என்றது. ஆனால், கட்டுபவர்கள் முதலில் தருவதாகச் சொன்னது 6 சதவிகிதம். எப்படி? இந்த மாதிரி விதிகளோடு ‘லாபக் கணக்கு ஒத்துவந்தால்’ என்ற பொருளில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கும். ‘அத்தனை வீடு கொடுத்தால் எங்களுக்குக் கட்டாது’ என்று கணக்குக் காட்டினால் சதவிகிதம் குறைந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் கொதித்தெழுந்து போராட, 2016-ல் அனுமதி தரப்பட்டபோது அது 25 சதவிகிதமாக உயர்ந்திருந்தது. 6-க்கும் 25-க்கும் இடையில் இருப்பது ஏறக்குறைய 160 குடும்பங்களின் கூரை.

திட்டத்தின் வரைவு வெளிவரும்போது அந்த நிபந்தனை வாசகத்தைப் படித்துக் கேள்வி எழுப்புபவர் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? நில உரிமையாளர்களும் கட்டட நிறுவனங்களும் ஆலோசகர்களை வைத்து வரிக்கு வரி படிக்கிறார்கள். மாற்ற வேண்டியதை எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்கள் செய்வது தப்பில்லை, அது அவர்கள் உரிமை. எதிர்ப்பக்கத் தட்டில் எடை வைக்க ஆள் இல்லை என்பதுதான் சிக்கல்.

‘நாங்க வாடகைக்குத்தானே இருக்கோம்...’

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் ஊன்றிய இடங்களில் ஈஸ்ட் ஹாமும் மேனர் பார்க்கும் முக்கியமானவை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்களும் இங்கே உண்டு. முருகன் கோயிலும் மகாலட்சுமி கோயிலும் இந்தப் பரோவுக்குள்தான். நூற்றுக்கும் அதிகமான மொழிகள் புழங்கும் பரோ இது.

இப்படிப்பட்ட இடத்தில் ஆறு வாரக் கருத்துக் கேட்பு எத்தனை வீடுகளின் காதில் விழும்? இரவு வேலை முடிந்து காலையில் தூங்குகிறவர், இரண்டு வேலை பார்க்கிறவர், வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மட்டும் என்கிற குடும்பம்... நூற்றுக்கணக்கான பக்கங்களில் சட்ட ஆங்கிலம் வந்தால் யார் படிப்பார்கள்? வாடகைக்கு இருப்பவர், ‘அடுத்த வருஷம் எங்கே இருப்போமோ’ என்று விட்டுவிடுகிறார். குடியுரிமை கிடைக்காதவர், ‘நமக்கெல்லாம் சொல்ல உரிமை இருக்கா?’ என்று தயங்குகிறார்.

உரிமை இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்பதே விதி. ஓட்டுரிமை வேண்டாம், சொந்த வீடு வேண்டாம், பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்பதில்லை, வயது வரம்பும் இல்லை. வந்த கருத்துகளில் முக்கியமானவை என்ன, அவற்றுக்கு என்ன செய்தோம் என்று கவுன்சில் எழுத்தில் கணக்குக் காட்டவும் வேண்டும். ஒருவரும் ஒன்றும் சொல்லாத தெருவைப் பற்றி அந்தக் கணக்கில் எழுத ஒன்றும் இருக்காது.

கருத்து எழுதும்போது...

* மொத்தத் திட்டத்தையும் படிக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் உங்கள் தெருவைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்துக்கு என்ன நிறம், என்ன குறியீடு என்று பார்த்து, அதற்குரிய விதியை மட்டும் படித்தால் பாதி வேலை முடிந்தது.
* ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று நிறுத்தாதீர்கள். விதி எண்ணைக் குறிப்பிட்டு, எந்த வாசகத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள்.
* தினமும் கண்ணால் பார்ப்பதும் ஆதாரம்தான். எந்தக் கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், பூங்காவுக்கு எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று குறித்துக் கொடுங்கள். குவீன்ஸ் மார்க்கெட்டுக்குக் கைகொடுத்ததும் இந்த மாதிரி கணக்குதான்.
* முதல் சுற்றிலேயே எழுதுங்கள். கடைசிச் சுற்றில் எழுதினால், விசாரணையில் நேரில் பேச விருப்பம் என்றும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.
* மொழி தடையாக இருந்தால் கவுன்சிலிடம் மொழிபெயர்ப்பு உதவி கேளுங்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், தமிழ்ப் பள்ளி என நாலு பேர் கூடும் இடத்துக்கு வந்து விளக்கச் சொல்லியும் கேட்கலாம்.
* பெயரோடு வரும் கருத்துகள் பொதுவில் வெளியிடப்படும். தனிப்பட்ட விவரங்களைக் கடிதத்தின் உள்ளே எழுதாதீர்கள்.

கிண்ணம் இன்னும் நிறைகிறது

குவீன்ஸ் மார்க்கெட்டின் கூரை பழையதுதான். பழுது பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. ‘அப்படியே விட்டுவிடுங்கள்’ என்பது வியாபாரிகளின் கோரிக்கை அல்ல. சரிசெய்யுங்கள், ஆனால் எங்களையும் எங்கள் விலையையும் வெளியே தள்ளாமல் சரிசெய்யுங்கள் என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை அவர்கள் கேட்பது. கிரேன் வந்த பிறகு அதைக் கேட்டால் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். திட்டம் தாளில் இருக்கும்போதே கேட்டால், ஒரு சனிக்கிழமை மாலையும் இரண்டு பக்கக் கடிதமும் போதும்.

கருத்துக் கேட்பு நடக்கும் வாரங்களில் வரைவுத் திட்டத்தின் பிரதிகளை நூலகங்களிலும் வைப்பார்கள். சந்தை இருக்கும் அதே கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு நூலகம் இருக்கிறது. காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகிற வழியில், பத்து நிமிடம் உள்ளே போய் வரலாம்.